முறுக்குக் கம்பியும் வழுக்குக் கம்பியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் போய்வந்தவர்களுக்குக் கம்பி லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளில் சிவப்புத் துணி ஆடும். பைக்கில் வருபவர்கள் தள்ளியே வருவார்கள். லாரி சிக்னலில் நிற்கும்போது அந்தக் கம்பிகளைக் கொஞ்சம் பாருங்கள். உடம்பெல்லாம் வரிவரியாக மேடு தட்டியிருக்கும். மேஸ்திரிகள் அதை முறுக்குக் கம்பி என்பார்கள். கான்கிரீட் அந்த வரிகளைக் கவ்விக்கொள்வதால் கம்பி உருவிக்கொண்டு வராது. வரியில்லாத வழவழப்பான கம்பிக்கு அந்தப் பிடிப்பு குறைவு.

அதே மாதிரி வரிகள் என் பேஸ் கிட்டாரின் ஸ்ட்ரிங்குகளிலும் இருந்தன. ஞாயிறு ஆராதனைக்கு வாசிக்கிறவன் நான். மெதுவான பாட்டு ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அண்ணா, பாட்டு நடுவுல எலி கத்துது."

எலி என் இடது கை விரலுக்கு அடியில் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுக்கும் ஒவ்வொரு முறையும் 'கீச்' என்ற சத்தம் ஸ்பீக்கர் வழியாக வந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்கத்தான் வழவழப்பாகச் சுற்றிய ஃப்ளாட்வுண்ட் ஸ்ட்ரிங் தேடிப் போனேன். போன வழியில் கிடைத்த இயற்பியல்தான் இந்தக் கட்டுரை.

ஏன் சுற்ற வேண்டும்?

பதினோராம் வகுப்பு ஆய்வகத்துச் சுரமானியை நினைவிருக்கிறதா? மரப்பெட்டி மேல் ஒரு கம்பி, அதன் நுனியில் தொங்கும் எடைக்கற்கள், நடுவே துள்ளிவிழும் ஒரு காகிதத் துண்டு. அந்தச் சோதனையின் விதிகளைப் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் 1636இல் எழுதிவைத்தார். கம்பி நீளமானால் சுருதி இறங்கும். இறுக்கினால் ஏறும். கனமானால் இறங்கும். இறுக்கத்துக்கும் கனத்துக்கும் வர்க்கமூலக் கணக்கு: சுருதி இரண்டு மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும்.

லியோ ஃபெண்டர் 1951இல் சந்தைக்குக் கொண்டுவந்த எலெக்ட்ரிக் பேஸில் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதுவே அளவு. நான்கு ஸ்ட்ரிங்குகளில் மெலிதான 'ஜி' நொடிக்கு 98 முறை அதிரும். தடித்த 'இ' 41.2 முறைதான். 'ஜி'யின் கம்பியையே அதே இறுக்கத்தில் 'இ'க்குப் போட்டால் அதன் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்ட வேண்டும். கிட்டத்தட்ட ஆறே முக்கால் அடி! வாசிக்க ஏணி வேண்டும். நீளத்தை மாற்றாமல் தளர்த்தினால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இறுக்கமே மிஞ்சும். கொடிக்கயிறு போலத் தொங்கும். மிச்சமிருப்பது கனமாக்குவதுதான்.

அப்படியானால் தடித்த எஃகுக் கம்பியையே போட்டுவிடலாமே? கனம் கிடைக்கும், கூடவே விறைப்பும் வரும். கம்பியின் வளையாத்தன்மை அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது. விட்டம் இரட்டித்தால் விறைப்பு பதினாறு மடங்கு. விறைத்த கம்பியில் மேற்சுரங்கள் ஒழுங்காக அடிப்படைச் சுரத்தின் 2, 3, 4, 5 மடங்கில் நிற்காமல் மேலே விலகி ஓடும். 'இ' ஸ்ட்ரிங்கின் தடிமனான 2.67 மில்லிமீட்டருக்கு ஒரே கெட்டிக் கம்பியை வைத்துக் கணக்குப் போட்டேன். ஐந்து மடங்கில் வர வேண்டிய மேற்சுரம் ஆறரை மடங்கில் போய் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் தொங்கவிட்டு அடிப்பார்களே, தண்டவாளத் துண்டு, அதன் குரலும் இப்படிச் சிதறிய மேற்சுரங்களால் ஆனதுதான். வகுப்பு விட அது போதும், பாட்டுக்குப் போதாது.

தீர்வு, சுற்றுவது. நடுவில் மெல்லிய, மிக வலுவான எஃகு. அதன் மேல் இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்ற வேண்டும். இழுவிசையை நடுக்கம்பி தாங்குகிறது. சுற்றுக்கம்பி எடையை மட்டும் கூட்டுகிறது. சுருள் என்பதால் வளைவதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நடுக்கம்பி 1.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மடங்கில் வர வேண்டிய அதே மேற்சுரம் ஏறக்குறைய 5.1 மடங்குக்கு வந்துவிடுகிறது. காது அதை இசை என்று ஏற்றுக்கொள்ளும். வீணையின் மந்தரமும் அனுமந்தரமும் சுற்றுக்கம்பியாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

சிப்காட்டில் உருட்டும் டிஎம்டி கம்பியை, அதாவது அந்த முறுக்குக் கம்பியை, இதோடு ஒப்பிட்டால் ஒரு வேடிக்கை தெரியும். சிவக்கச் சிவக்க உருட்டி வந்த கம்பியை நீர்ப்பீச்சலில் சட்டென்று குளிர்விப்பதால் அதன் தோல் கடினப்படுகிறது, உட்பகுதி மென்மையாக இருக்கிறது. பேஸ் ஸ்ட்ரிங் அதற்குத் தலைகீழ்: வலிமை உள்ளே, வெளியே இருப்பது வெறும் சுமை. 'ஜி' ஸ்ட்ரிங்கின் தடிமன் கம்பி கட்டுகிறவர்களின் கட்டுக்கம்பியை ஒட்டி வரும். ஆனால் காய்ச்சி மென்மையாக்கிய கட்டுக்கம்பி விரலுக்கே வளையும். இசைக்கம்பியின் எஃகோ குளிர்நிலையில் அச்சுத்துளை வழியாக இழுத்து இழுத்து இறுக்கப்பட்டது.

எலி எங்கே இருந்தது?

சுற்றும் கம்பி உருண்டையாக இருந்தால் அது ரவுண்ட்வுண்ட். இன்று கடையில் பேஸ் வாங்கினால் அநேகமாக அதுதான் மாட்டியிருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முறுக்குக் கம்பியேதான்: மேடு, பள்ளம், மேடு, பள்ளம். மேடுகள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன, விரல் நொடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று கொள்வோம். விரல் நொடிக்கு 1,000 மேடுகளைத் தாண்டும். ஆயிரம் ஹெர்ட்ஸ் என்பது காது நன்றாகக் கேட்கும் எல்லைக்குள் வரும் சத்தம். எலி பிடிபட்டது.

ஃப்ளாட்வுண்டில் வெளிச்சுற்று உருண்டைக் கம்பி அல்ல, நாடா. மெல்லிய கம்பியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்குகிறார்கள். உருட்டாலையில் பெரிதாக நடப்பதன் சின்ன வடிவம். உள்ளே ஓரிரு அடுக்கு உருண்டைக் கம்பி, மேலே இந்த நாடா விளிம்போடு விளிம்பு ஒட்டிப் படுத்திருக்கும். விரலுக்கு வழவழவென்றிருக்கும். கீச்சு ஏறக்குறைய இல்லை. கழுத்திலுள்ள உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளும் அதிகம் தேயாது.

ஆனால் இதோடு முடிந்துவிடவில்லை. விரலை நகர்த்தாமல், வெறும் ஸ்ட்ரிங்கை மீட்டினாலும் ஃப்ளாட்வுண்டின் குரல் வேறுதான். ரவுண்ட்வுண்ட் பியானோவின் இடதுகைக் கட்டை போலக் கணீரென்று நீளும். ஃப்ளாட்வுண்ட் 'தும்' என்று பருத்து எழுந்து, உருண்டையாகி, அடங்கும். வழவழப்பான மேற்பரப்பு மட்டும் இதைச் செய்யாது. காரணம் உள்ளே இருக்கிறது.

அதிரும் கம்பி ஒரே நேரத்தில் பல விதமாக ஆடுகிறது. அடிப்படைச் சுரத்துக்கு முழு நீளமும் ஒரே வில்லாக வளையும். அதன் இருபது மடங்கில் வரும் மேற்சுரத்துக்கு அதே நீளத்தில் இருபது சின்ன வில்கள். வில் சிறிதாகும்போது வளைவு கூர்மையாகும். கூர்மையான வளைவில் ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் ஒன்றையொன்று அதிகம் உரசும். உரசலில் ஆற்றல் வெப்பமாகக் கரையும். ஆகவே முதலில் சாவது உச்சத்து மேற்சுரங்கள். விளிம்போடு விளிம்பு நெருங்கிய நாடாவில் இந்த உரசல் கூடுதல். அதனால்தான் அந்த மென்குரல்.

பழைய ரவுண்ட்வுண்ட் மங்குவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதன் பள்ளங்களில் வியர்வை, எண்ணெய், தோல் துகள் எல்லாம் படிந்து சுற்றுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்கின்றன. சில பேஸ் கலைஞர்கள் பழைய ஸ்ட்ரிங்கைக் கழற்றிக் கொதிநீரில் போட்டெடுப்பார்கள். கணீர்க் குரல் கொஞ்ச நாளுக்குத் திரும்பும். கம்பி கெடவில்லை, அழுக்குதான் மேற்சுரங்களைத் தின்றது என்பதற்கு அந்தச் சட்டியே சாட்சி.

எங்கள் ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதற்கப்பால் வங்கக் கடல். காற்றில் ஈரமும் உப்பும். சித்திரையில் மின்விசிறிக்கு அடியில் நின்றாலும் விரல் நனையும். இங்கே புது ரவுண்ட்வுண்டின் பளபளப்பு எனக்குச் சில வாரங்களே தாங்கியது. ஃப்ளாட்வுண்டில் அழுக்கு ஒதுங்கப் பள்ளமில்லை. மங்குவதற்குப் பெரிய பளபளப்பும் இல்லை. ரவுண்ட்வுண்ட் ஆறு மாதத்தில் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்திலேயே அது பிறக்கிறது, பிறகு நெடுங்காலம் அங்கேயே இருக்கிறது. விலை கூடுதல்தான். ஆண்டுக்கணக்கில் வகுத்தால் அது சிக்கனமாகவும் ஆகலாம்.

மோட்டார் ஊரின் குரல்

நெடுங்காலம் மாற்றாத ஸ்ட்ரிங்குக்கு உலகப்புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. அதுவும் ஒரு தொழிற்பேட்டை ஊரில்தான். அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட்டில், கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்திருந்த பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய இசைத்தட்டு நிறுவனம் மோட்டவுன். 'மோட்டார் டவுன்' என்பதன் சுருக்கமே அந்தப் பெயர். அதன் ஆஸ்தான பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களில் மோட்டவுனிலிருந்து வந்த வெற்றிப் பாடல்களில் பெரும்பாலானவற்றின் அடித்தளம் அவர் விரல். அதுவும் ஒரே விரல்! வலது ஆள்காட்டி விரலால் மட்டுமே மீட்டுவார். 1962ஆம் ஆண்டின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃப்ளாட்வுண்ட், கம்பிகள் வந்து சேரும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் அதிர்வை அடக்க ஒரு பஞ்சுத்துண்டு. ஸ்ட்ரிங் அறுந்தாலொழிய மாற்ற மாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது.

அன்று பெரும்பாலான எலெக்ட்ரிக் பேஸ்களில் ஃப்ளாட்வுண்டே இருந்தது. கணீர்க் குரல் 1966இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது. 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசில் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ரவுண்ட்வுண்ட் பேஸ் ஸ்ட்ரிங்கை உருவாக்கினார். கிட்டாருக்கு நிகராகப் பேஸும் முன்னால் வந்து பேசத் தொடங்கியது. ஆனாலும் கனராக் இசையென்றால் ரவுண்ட்வுண்ட்தான் என்று முடிவுகட்டக் கூடாது. அயர்ன் மெய்டன் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ் பெயரில் ரோட்டோசவுண்ட் விற்பதே ஃப்ளாட்வுண்ட் செட்தான்.

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறோம். எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் என்று வடக்கும் மேற்கும் அந்தப் பெயருக்குத் தம் பங்கைக் கொடுத்திருக்கின்றன. பேஸ் கேட்கும் காதும் இங்கே உண்டு. இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸைத் தனிப் பாட்டாகவே முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏ.ஆர். ரஹ்மான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸைத் தேடிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கல்யாண மேடை மெல்லிசைக் குழு, தேவாலயக் குழு எதுவானாலும் பேஸின் வேலை ஒன்றுதான்: பாடுகிறவர் காலடியில் தரையாக இருப்பது. தரை கீச்சிடக் கூடாது.

எதை வாங்குவது?

முதலில் கேஜ், அதாவது தடிமன். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 45 முதல் 105 வரை என்பது பரவலான செட்: 1.14 மில்லிமீட்டரிலிருந்து 2.67 வரை. ஆனால் கேஜை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவோம். உருண்டைக் கம்பிகளுக்கு நடுவே காற்று இருக்கும். நாடா அந்த இடத்தையும் உலோகத்தால் நிரப்புகிறது. அதனால் ஒரே தடிமனிலும் ஃப்ளாட்வுண்ட் கனமாக இருக்க வாய்ப்பு அதிகம். கனம் கூடினால் அதே சுருதிக்கு அதிக இழுவிசை வேண்டும். அதனால் கேஜை விட உறையிலோ நிறுவனத்தின் பட்டியலிலோ உள்ள இழுவிசை எண்ணே முக்கியம். வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஃப்ளாட்வுண்ட் தளர்வானது, விரலுக்கு இதமானது என்று பெயர் பெற்றது. ஜேமர்சன் பெயரில் வரும் லா பெல்லாவின் 52–110 செட் விரலைப் பழக்கும் ரகம். டாடாரியோ குரோம்ஸ், ஃப்ளாட்வுண்டுகளுக்குள் சற்றே பளிச்சென்றிருக்கும்.

அடுத்து உலோகம். எலெக்ட்ரிக் பேஸின் பிக்கப் காற்றைக் கேட்பதில்லை. காந்தத்துக்கு மேல் இரும்பு அசைவதைத்தான் உணர்கிறது. ஆகவே ஸ்ட்ரிங்கில் காந்தம் ஈர்க்கும் உலோகம் இருந்தாக வேண்டும். எஃகு நடுக்கம்பி அதைப் பார்த்துக்கொள்கிறது. நாடாவுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நிக்கல், நிக்கலும் செம்பும் கலந்த மோனல் என்று வகைகள் உண்டு. எவர்சில்வர் டம்ளரில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாதே என்று கேட்கலாம். ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டும் ரகமும் இருக்கிறது, ஸ்ட்ரிங் செய்ய அதுவே ஏற்றது. உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் தாக்குப்பிடிக்க அது நல்ல தேர்வு.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டுமென்றால் ஹாஃப்ரவுண்ட் உண்டு. உருண்டையாகச் சுற்றி, பிறகு மேடுகளை மட்டும் சாணை பிடித்துத் தட்டையாக்கியது. கீச்சு குறையும், கணீர் கொஞ்சம் மிஞ்சும்.

மாட்டிப் பார்த்தல்

நான்கு ஸ்ட்ரிங்குகளும் சேர்ந்து பேஸின் கழுத்தை 70 முதல் 80 கிலோ எடைக்கு நிகரான விசையோடு இழுக்கின்றன. ஒன்றரை சிமென்ட் மூட்டை. புதிய செட்டின் இழுவிசை மாறினால் கழுத்தின் வளைவும் மாறும். மாட்டிச் சுருதி சேர்த்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். பிறகு தேவைப்பட்டால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைக் கால் சுற்று மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. கழுத்துக்கு இறுக்கம் அதிகம் என்று தோன்றினால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அரைச் சுரம் இறக்கிப் பாருங்கள். வர்க்கக் கணக்கின்படி இழுவிசை 11 சதவீதம் குறைந்துவிடும்.

தடித்த ஸ்ட்ரிங், கழுத்து நுனியிலுள்ள நட்டின் பள்ளத்தில் முழுதாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டியூனிங் கீயில் முதலில் வளைத்துவிட்டு, பிறகுதான் மிச்சத்தை வெட்ட வேண்டும். வளைக்காமல் வெட்டினால் சுற்று தளர்ந்துவிடக்கூடும். கடைசியாக, வெறும் ஸ்ட்ரிங்கையும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டையும் ஒப்பிட்டு, சரியாக ஒரு ஸ்தாயி வித்தியாசம் வரும்வரை பிரிட்ஜைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு நான் செய்த தவறு. பழைய செட்டில் ஒரு பாட்டைப் போனில் பதிந்து வைத்திருந்தேன். புதிய செட்டிலும் பதிந்து, போன் ஸ்பீக்கரிலேயே இரண்டையும் கேட்டேன். புதியதில் பேஸே இல்லை! காசு தண்டம் என்று தோன்றியது. உண்மையில் 41 ஹெர்ட்ஸை அந்தக் குட்டி ஸ்பீக்கர் ஒருபோதும் வாசித்ததில்லை. அடிப்படைச் சுரம் காணாமல் போனாலும் அதன் மேற்சுரங்கள் காதில் விழுந்தால், மூளை அடிப்படையைத் தானே கட்டிக்கொள்ளும். ரவுண்ட்வுண்ட் அந்த மேற்சுரங்களை அள்ளித் தந்தது, ஃப்ளாட்வுண்ட் கிள்ளித் தந்தது. நல்ல ஹெட்போனில் கேட்டபோது பேஸ் அங்கேதான் இருந்தது.

மீட்டும் இடமும் காசில்லாத ஒரு டோன் திருகு. கம்பியின் நட்ட நடுவில் மீட்டினால் இரட்டைப்படைச் சீரிசைகள் (அடிப்படையின் 2, 4, 6 மடங்கு அதிர்வுகள்) எழாது. மீட்டும் புள்ளியில் அசையாமல் நிற்க வேண்டிய சீரிசை பிறக்க முடியாது என்பது தாமஸ் யங் கண்ட விதி. சர் சி.வி. ராமன் 1921இல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து, அவை இந்த விதிக்கு அடங்குவதில்லை என்று காட்டினார். அவற்றின் அகன்று வளைந்த குதிரையில் கம்பி உரசி உரசி, பிறக்கக் கூடாத சீரிசைகளையும் எழுப்பிவிடுகிறது. பேஸின் பிரிட்ஜோ கூரான முனை. விதி இங்கே பெரும்பாலும் செல்லுபடியாகும். ஃப்ளாட்வுண்ட் மந்தமாகத் தோன்றினால் விரலைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள், மேற்சுரங்கள் கூடும். கழுத்துப் பக்கம் போனால் குறையும். அதைச் செய்து பார்க்காமல் ஸ்ட்ரிங்கைக் குறை சொல்லக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, தனியாக வாசித்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அறையில் தனியாகக் கேட்டால் ஃப்ளாட்வுண்ட் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருக்கும். கீபோர்டு, சிம்பல், குரல் எல்லாம் சேர்ந்தால் மேல்தளத்தில் ஏற்கெனவே நெரிசல். அங்கே தன் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, நெரிசல் குறைந்த கீழ்த்தளத்தில் ஃப்ளாட்வுண்ட் உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த ஒத்திகையில் அதே மெதுவான பாட்டு. முடிந்ததும் டிரம்ஸ் தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். "எலி போயிடுச்சுண்ணா. பேஸும் போயிடுச்சோன்னு நினைச்சேன். ஆனா என் கிக் டிரம் பெருசா கேக்குது." அவன் டிரம் பெரிதாகவில்லை. அதுவும் என் பேஸும் இப்போது ஒரே இடத்தில் விழுகின்றன.

எல்லோரும் போனபின் ஆம்பை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வெறும் 'ஜி'யை மீட்டினேன். தெருமுனை ட்ரான்ஸ்பார்மர் வழக்கம்போல ரீங்கரித்துக்கொண்டிருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் இரும்பு ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை விரிந்து சுருங்குவதால் அதன் குரல் 100 ஹெர்ட்ஸ். என் ஸ்ட்ரிங் 98. பேஸின் மரத்தில் காதை வைத்துக் கேட்டேன். இரண்டும் சேர்ந்து நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கின. பாடப்புத்தகம் இதை விம்மல் என்கிறது. இத்தனை வருஷம் அதே ஜன்னலருகே வாசித்திருக்கிறேன், கேட்டதில்லை.